பத்துத் தெத்ரி

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
ஏறப் பத்துத் தெத்ரி, இறங்க ஒன்றுமில்லை.
உலகமே அப்படித்தானே என்பான் மெராப்,
இரண்டாம் மாடிக்காரன்,
தத்துவம் பேச வாகான உயரம்.

திபிலிசியின் வடக்கு விளிம்பில், க்ல்தானியில்,
நான் எட்டாம் மாடி.
வயது ஐம்பத்திரண்டு,
இடது முழங்காலுக்கு மட்டும் எழுபது.

காலையில் வங்கிக்குப் போனேன்.
என் பெயருள்ள இன்னொரு மல்ஹாஸ்
கடன் வாங்கிக் கட்டாமல் இருக்கிறானாம்.
அவன் நானில்லை என்று காட்ட
நான் நான்தான் என்று ஒரு தாள் வேண்டுமாம்.
டோக்கன் எண் முந்நூற்றுப் பதினான்கு.
திரையில் இருநூற்று எண்பது,
ஒரு பனிக்காலம் அளவுக்கு அங்கேயே நின்றது.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.
இருநூற்று எண்பதுதான், இன்னும் தெளிவாக.
பிறகு சாப்பாட்டு நேரம் என்று பலகை வைத்தார்கள்.

திரும்பும் வழியில் மினிபஸ்ஸில்
ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.
யாருக்கென்று பின்னால் திரும்பினேன்.
பின்னால் ஜன்னல்தான் இருந்தது.
உட்கார்ந்தேன்.
உட்கார்ந்தது சுகமாகவும் இருந்தது,
அதுதான் கோபம்.

கடையில் ரொட்டி, கொஞ்சம் சுல்குனி, ஒரு பல்பு.
சில்லறை இல்லை என்று
நத்தேலா மூன்று சூயிங்கம் எண்ணி வைத்தாள்.
இதைப் போட்டால் லிஃப்ட் ஏறுமா என்றேன்.
"பசங்க போட்டுப் பாக்குறாங்க,
அதனாலதான் போன வாரம் நின்னுபோச்சு"
என்றாள் நிமிராமல்.

காசுப்பெட்டிக்கு முன்னால்
கைவிட்ட பையிலெல்லாம் கை மட்டும் இருந்தது.
யாராவது வந்தால் ஒட்டிக்கொண்டு ஏறலாம் என்று
தபால் பெட்டியில் மும்முரமாக இருப்பவன்போல் நின்றேன்.
தண்ணீர் பில்.
எனக்கு முன்னால் குடியிருந்த
ஓதார் த்ஸிக்லாவுரியின் பெயரில்.
பதினாறு வருடமாக
அவர் பெயரில்தான் குளிக்கிறேன்.
யாரும் வரவில்லை.
காதில் மஞ்சள் வில்லை மாட்டிய நாய் வந்தது.
அதனிடமும் சில்லறை இல்லை.

ஏறினேன்.
மூன்றில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
நான்கில் ஒரு பியானோ,
அதே இடத்தில் அதே தவறு.
ஐந்தில் போன் அடித்தது, போஸ்னானிலிருந்து மகள்.
"ஏன்ப்பா இப்படி மூச்சு வாங்குது?
எக்சர்சைஸ் பண்ணணும்."
பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.
சிரித்தாள், அப்புறம் பேசுகிறேன் என்றாள்.
பேசவேண்டியதையெல்லாம் நாங்கள்
ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறோம்,
எந்த ஞாயிறு என்று முடிவாகவில்லை.

ஆறு.

ஏழில் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு
வெகுநேரம் சுவரைப் பார்த்தேன்.
'லிகா, மன்னித்துவிடு' என்று
சாவியால் கீறியிருந்தான் எவனோ.
பதினாறு வருடத்தில் இன்றுதான் கண்ணில் பட்டது.
லிஃப்டில் போகிறவனுக்கு
யாருடைய மன்னிப்பும் தெரிவதில்லை.
அவள் மன்னித்தாளா தெரியாது,
மேலே யாரும் பெயின்ட் அடிக்கவில்லை,
அவ்வளவுதான்.

எட்டு. சாவியைக் காணோம்.

கோட்டைக் கழற்றி உதறினேன்.
கீழ் ஓரத்தில் எதுவோ சிணுங்கியது.
பையில் ஓட்டை.
விரல் போனது, மணிக்கட்டு போனது.
துணிக்கும் உள்துணிக்கும் நடுவில்
சாவி,
அதோடு பத்தும் இருபதுமாக,
எந்தெந்தக் குளிர்காலத்துக் காசோ,
ஒரு கைப்பிடி.
கோட்டு கனக்கும்போதெல்லாம்
தோளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்து ரொட்டியை உள்ளே வைத்தேன்.
பல்பு மாட்டவில்லை.
லிஃப்டை வரவழைத்துக்
கீழே போனேன், இலவசமாக.

நாய் அங்கேயே இருந்தது.
கேட்காமலே ஏறிக்கொண்டது.
பெட்டியில் ஒரு காசு போட்டு எட்டை அழுத்தினேன்.
கதவு மூடியது. அசையவில்லை.
நாய் என்னைப் பார்த்தது.
இன்னொன்று போட்டேன், அதற்காக.
கிளம்பியது.